உப்பு கரைந்த நீரின் மின்காப்பு இயல்பு: ஓர் அளவீட்டின் வரலாறு

நீரில் உப்பு கரையும்போது அதன் மின் இயல்புகளில் இரண்டு மாற்றங்கள் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. ஒன்று, நீர் மின்சாரத்தை நன்கு கடத்தத் தொடங்குகிறது. மற்றொன்று, நீரின் மின்காப்பு மாறிலி குறைகிறது. முதல் மாற்றம் மிகப் பெரியது. எளிய கருவியிலேயே தெரிந்துவிடும். இரண்டாவது மாற்றம் சிறியது; முதலாவதன் பின்னால் மறைந்து கிடப்பது. இந்த இரண்டையும் பிரித்து அளக்க அறிவியலாளர்களுக்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் பிடித்தது. அந்த வரலாற்றில் கல்கத்தாவின் ஓர் இளம் வேதியியலாளருக்கும் இடம் உண்டு. சாயத்தொட்டி, வயல் மண், கடல், செயற்கைக்கோள் என இன்று பல இடங்களில் இந்த அறிவு பயன்படுகிறது.

கிணற்று நீரின் கணக்கு

பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணி, தேசூர் வட்டாரத்தைப் போன்ற நெசவு ஊர்களில் நீரின் உப்புத்தன்மை தொழிலோடு தொடர்புடையது. கச்சாப் பட்டு நூலின் மேல் செரிசின் என்னும் இயற்கைப் பசை படிந்திருக்கும். நூலைச் சோப்பும் சோடாவும் கலந்த வெந்நீரில் இட்டு இப்பசையை நீக்கிய பிறகே சாயமிடுவர். நீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுந்திருந்தால் சோப்பு நுரைக்காது. திரிந்து நூலில் படியும். அப்படிப் படிந்த இடத்தில் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். நீரின் உப்பை அறிய இன்று பேனா அளவேயுள்ள கருவி கடைகளில் கிடைக்கிறது. அதை நீரில் தோய்த்தால் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு எண்ணாகத் தெரியும்.

இக்கருவி உப்பை நேரடியாக எடைபோடுவதில்லை. நீரின் மின்கடத்துத்திறனை அளந்து, அதை ஒரு காரணியால் பெருக்கி, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டுகிறது. ஒரு லிட்டர் தூய நீரில் 1,000 மில்லிகிராம் சமையல் உப்பைக் கரைத்ததாகக் கொள்வோம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரத்தின்படி கரைந்த பொருள்களின் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி உண்டு. எனவே 1,000 என்பது தமிழ்நாட்டுக் கிணறுகளில் காணக்கூடிய அளவுதான்.

மிகத் தூய நீரின் கடத்துத்திறன் 25 பாகை செல்சியசில் சென்டிமீட்டருக்கு 0.055 மைக்ரோசீமென்ஸ். மேற்சொன்ன உப்பைக் கரைத்த பின் அது ஏறத்தாழ 2,000 மைக்ரோசீமென்ஸ் ஆகிறது. அதாவது, முப்பதாயிரம் மடங்குக்கும் மேல் கூடுகிறது. அதே நீரின் மின்காப்பு மாறிலியோ 78.4 என்பதிலிருந்து ஏறத்தாழ 78.2 ஆகக் குறைகிறது. கால் விழுக்காடு அளவிலான மாற்றம். ஒரே சிட்டிகை உப்பு ஒன்றைப் பல்லாயிரம் மடங்கு ஏற்றுகிறது. மற்றொன்றைச் சற்றே இறக்குகிறது. இந்த ஏற்றத்தாழ்வே அளவீட்டில் நேர்ந்த குழப்பத்துக்கெல்லாம் மூலகாரணம்.

மின்காப்பு மாறிலி என்றால் என்ன?

இரண்டு உலோகத் தகடுகளை எதிரெதிரே வைத்து மின்னேற்றினால் அது மின்தேக்கி ஆகும். தகடுகளுக்கு இடையே வெற்றிடத்துக்குப் பதிலாக ஒரு மின்காப்புப் பொருளை வைத்தால் மின்தேக்கி கூடுதல் மின்னூட்டத்தைத் தாங்கும். எத்தனை மடங்கு கூடுதல் என்பதே அப்பொருளின் மின்காப்பு மாறிலி. இதை ஒப்புமை விடுதிறன் என்றும் பாடநூல்கள் குறிப்பிடும். மைக்கேல் பாரடே 1837ஆம் ஆண்டில் கண்ணாடி, கந்தகம், அரக்கு முதலியவற்றை இவ்வாறு ஒப்பிட்டு ஆராய்ந்தார்.

காற்றுக்கு இதன் மதிப்பு ஏறத்தாழ 1; எண்ணெய்களுக்கு 2 முதல் 3; கண்ணாடிக்கு 5 முதல் 10; எத்தில் ஆல்கஹாலுக்கு ஏறத்தாழ 24. நீருக்கோ 20 பாகை செல்சியசில் 80. இந்த உயர்ந்த மதிப்புக்குக் காரணம் நீர் மூலக்கூறின் வடிவம். ஆக்சிஜன் பக்கம் சற்று எதிர்மின் தன்மையும் ஹைட்ரஜன் பக்கம் சற்று நேர்மின் தன்மையும் கொண்ட மின் இருமுனை அது. மின்புலம் தோன்றியதும் இந்த இருமுனைகள் அதை நோக்கித் திரும்ப முயல்கின்றன. அவற்றின் கூட்டு விளைவால் புலத்தின் வலிமை நீருக்குள் வெகுவாகத் தணிகிறது.

உப்பு நீரில் கரைவதற்கும் இதுவே துணைநிற்கிறது. சோடியம் அயனிக்கும் குளோரைடு அயனிக்கும் இடையிலான ஈர்ப்பு விசை, அதே தொலைவில், வெற்றிடத்தில் இருப்பதைப் போல நீரில் எண்பதில் ஒரு பங்கே. ஆகவே பிரிந்த அயனிகள் மீண்டும் எளிதில் சேர்வதில்லை. மின்காப்பு மாறிலி மிகுந்த கரைப்பானில் உப்புகள் நன்கு பிரியும் என்ற கருத்தை ஜே. ஜே. தாம்சனும் வால்தர் நெர்ன்ஸ்டும் 1893ஆம் ஆண்டில் தனித்தனியே முன்வைத்தனர்.

நீர் உப்பைப் பிரிக்கிறது என்பது இவ்வாறு தெளிவாயிற்று. பிரிந்த உப்பு நீரை என்ன செய்கிறது என்ற கேள்விக்கு விடை கிடைப்பது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை.

ஓட்டைக் குடத்தை அளப்பது

உப்புநீரின் மின்காப்பு மாறிலியை அளப்பது ஓட்டைக் குடத்தின் கொள்ளளவை அளப்பது போன்றது. நீரை ஊற்ற ஊற்ற அது கீழே ஒழுகிக்கொண்டிருக்கும். எவ்வளவு தங்கியது, எவ்வளவு ஒழுகியது என்று பிரித்துச் சொல்வது கடினம். மின்தேக்கியின் தகடுகளுக்கு இடையே உப்புநீரை ஊற்றினால் அது மின்னூட்டத்தைத் தேக்குவதற்குப் பதிலாகக் கடத்திவிடுகிறது.

இன்னொரு தொல்லையும் உண்டு. நேர்மின் அயனிகள் எதிர்மின் தகட்டருகிலும், எதிர்மின் அயனிகள் நேர்மின் தகட்டருகிலும் குவிகின்றன. தகட்டை ஒட்டிய இந்த மெல்லிய அடுக்கு தானே ஒரு மின்தேக்கி போலச் செயல்பட்டு மிகப் பெரிய தேக்குதிறனைக் காட்டும். இதைக் கவனிக்காமல் அளந்தால், உப்பினால் நீரின் மின்காப்பு மாறிலி பெருகிவிட்டது என்ற தவறான முடிவு கிடைக்கும்.

இதற்கு ஒரே வழி, குடம் ஒழுகுவதற்குள் அளந்துவிடுவதே. மின்புலத்தின் திசையை மிக வேகமாக மாற்றிக்கொண்டே இருந்தால் அயனிகளுக்குத் தகடுவரை செல்ல நேரம் இராது. அதிர்வெண் கூடக் கூட கடத்தலின் பங்கும் தேய்ந்துவரும். ஜெர்மானிய இயற்பியலாளர் பவுல் துரூடு 1890களின் பிற்பகுதியில், கம்பிகளின் வழியே செல்லும் 75 சென்டிமீட்டர் அளவிலான மின்னலைகளைக் கொண்டு நீரையும் பிற நீர்மங்களையும் ஆராய்ந்தார். எனினும் அடர்ந்த உப்புக் கரைசலுக்கு அந்த வேகமும் போதாது. சில சென்டிமீட்டர் நீளமே உள்ள அலைகள் வேண்டும்; அவற்றை நிலையாகவும் போதிய திறனுடனும் உண்டாக்கும் கருவி அப்போது இல்லை.

ஜகதீச சந்திர போஸ் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் 1890களின் நடுவில் மில்லிமீட்டர் அளவிலான அலைகளையே உண்டாக்கிக் காட்டியிருந்தார். ஆனால் அவை தீப்பொறியிலிருந்து பிறந்தவை. துல்லியமான மின்காப்பு அளவீட்டுக்கு வேண்டிய தொடர் அலைகள் அல்ல.

கல்கத்தாவிலிருந்து ஒரு கோட்பாடு

அளவீடு இவ்வாறு தடுமாறிக்கொண்டிருக்க, கோட்பாடு வேறு வழியில் முன்னேறியது. உப்புகள் நீரில் அயனிகளாகப் பிரிகின்றன என்ற அர்ஹீனியஸின் கொள்கை 1880களில் உருவானது. வீரியம் குறைந்த அமிலங்களுக்கு அது நன்கு பொருந்தியது. சமையல் உப்பு போன்ற வன்மின்பகுளிகளுக்குப் பொருந்தவில்லை. இந்த முரண்பாடு ‘வன்மின்பகுளிகளின் ஒழுங்கின்மை’ என்று பேசப்பட்டது.

இதற்கு விடை காண முயன்றவர் ஞானேந்திர சந்திர கோஷ். 1894ஆம் ஆண்டில் பிறந்த இவர், கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பிரபுல்ல சந்திர ராயின் மாணவர். மேகநாத் சாகா, சத்யேந்திரநாத் போஸ் ஆகியோருடன் பயின்றவர். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் கல்லூரியில் பணியாற்றியபோது, லண்டன் வேதியியல் கழகத்தின் இதழில் 1918ஆம் ஆண்டில் தம் கோட்பாட்டை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று அல்லது இருபத்து நான்கு.

கோஷின் கருத்து எளிமையானது. வன்மின்பகுளி நீரில் முழுவதுமாகவே அயனிகளாகப் பிரிந்துவிடுகிறது. ஆனால் அயனிகள் ஒன்றையொன்று ஈர்ப்பதால் அனைத்தும் தடையின்றி அலைவதில்லை. உப்புப் படிகத்தில் அயனிகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பது போல, கரைசலிலும் அவை அகன்ற இடைவெளியுடன் ஒழுங்காக அமைந்திருப்பதாக அவர் கொண்டார். அயனிகளுக்கு இடையிலான தொலைவைக் கரைசலின் செறிவிலிருந்து கணக்கிடலாம். லிட்டருக்கு ஒரு மோல் சமையல் உப்பு உள்ள கரைசலில் அத்தொலைவு ஏறத்தாழ ஒரு நானோமீட்டர். அத்தொலைவிலுள்ள ஈர்ப்பை வெல்லப் போதிய இயக்க ஆற்றல் உடைய அயனிகளே மின்சாரத்தைக் கடத்தும். ஈர்ப்பைக் கணக்கிட வேண்டுமானால் நீரின் மின்காப்பு மாறிலி தேவை. அந்த எண்ணை அவர் தம் சமன்பாட்டின் நடுவில் வைத்தார்.

இக்கோட்பாடு முதலில் பெரும் வரவேற்பைப் பெற்றது. ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. கரைசலில் அயனிகள் படிகத்தைப் போல இடம் மாறாமல் நிற்பதில்லை. வெப்பத்தால் ஓயாமல் அலைகின்றன. சூரிச் நகரில் பணியாற்றிய பீட்டர் டிபையும் எரிக் ஹக்கலும் 1923ஆம் ஆண்டில் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை, கோஷின் முயற்சியைக் குறிப்பிட்டு இக்குறையைச் சுட்டியது. அவர்களின் கருத்துப்படி, ஒவ்வோர் அயனியைச் சுற்றியும் எதிர்க்குறி அயனிகள் சற்றே மிகுந்து ஒரு மேகம் போலச் சூழ்கின்றன. அந்த அயனி மேகம் நடுவிலுள்ள மின்னூட்டத்தை மறைக்கிறது. கோஷின் சமன்பாடு செறிவின் கனமூலத்தைப் பின்பற்றியது. டிபை–ஹக்கல் சமன்பாடு வர்க்கமூலத்தைப் பின்பற்றியது. நீர்த்த கரைசல்களின் அளவீடுகள் வர்க்கமூலத்தின் பக்கமே நின்றன.

கோஷின் விடை நிலைக்கவில்லை. எனினும் வன்மின்பகுளி முழுவதுமாகப் பிரிகிறது, அயனிகளுக்கு இடையிலான மின்விசையே அதன் ஒழுங்கின்மைக்குக் காரணம் என்ற இரு அடிப்படைகளையும் ஒரு முழுக் கோட்பாடாக்கிப் பார்த்தவர்களில் அவர் முன்னோடி. பின்னாளில் டாக்காப் பல்கலைக்கழகப் பேராசிரியராகவும், 1939 முதல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராகவும், பிறகு காரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் முதல் இயக்குநராகவும் பணியாற்றி 1959ஆம் ஆண்டில் மறைந்தார்.

விடைபெறாத கேள்வி

கோஷும், டிபை–ஹக்கல் இருவரும் ஒரு செய்தியில் ஒன்றுபட்டனர். உப்பு கரைந்த பின்னும் நீரின் மின்காப்பு மாறிலி தூய நீருக்கு உரியதே என்று எடுத்துக்கொண்டனர். மிக நீர்த்த கரைசலுக்கு இது சரி. கிணற்று நீர்க் கணக்கில் கண்டது போல மாற்றம் கால் விழுக்காடுதான். அடர்ந்த கரைசலில் இது செல்லாது.

ஹக்கல் 1925ஆம் ஆண்டிலேயே இதை உணர்ந்தார். அடர்ந்த கரைசல்களில் தங்கள் சமன்பாடு பிழைபடுவதைச் சரிசெய்ய, உப்பின் செறிவுக்கு ஏற்ப மின்காப்பு மாறிலி குறைகிறது என்று கொண்டு கணக்கிட்டார். அது ஊகமே, அதை உறுதிசெய்ய நம்பத்தக்க அளவீடு இல்லை. 1928ஆம் ஆண்டில் டிபையும் ஃபால்கன்ஹாகனும் வேறொரு முடிவுக்கு வந்தனர். மிக நீர்த்த கரைசலில் அயனி மேகத்தின் விளைவால் மின்காப்பு மாறிலி சற்றுக் கூட வேண்டும் என்றது அவர்கள் கணக்கு. ஆய்வகங்களிலிருந்து வந்த எண்களோ ஒன்றுக்கொன்று முரணாக இருந்தன. குறைகிறது என்றனர் சிலர். கூடுகிறது என்றனர் சிலர். ஓட்டைக் குடத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக அளந்துகொண்டிருந்தனர்.

ரேடார் தந்த கருவி

தீர்வு போர்க்காலத் தொழில்நுட்பத்திலிருந்து வந்தது. 1940ஆம் ஆண்டில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ராண்டலும் பூட்டும் உருவாக்கிய மாக்னெட்ரான் குழல், 10 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள நுண்ணலைகளைப் பெருந்திறனுடன் வெளியிட்டது. வானூர்திகளைக் கண்டறியும் ரேடாருக்காக உருவானது அது. பின்னர் 3 சென்டிமீட்டர், 1.25 சென்டிமீட்டர் அலைகளும் பயன்பாட்டுக்கு வந்தன. இவற்றின் அதிர்வெண் வினாடிக்குப் பல நூறு கோடி முறை. இந்த வேகத்தில் அயனிகள் நின்ற இடத்திலேயே சற்று அசைவதோடு சரி.

போருக்குப் பின் இக்கருவிகள் ஆய்வகங்களுக்கு வந்தன. ஆக்ஸ்ஃபோர்டில் ஹாஸ்டெட், ரிட்சன், காலி ஆகிய மூவர் நுண்ணலைகளைக் கொண்டு பல உப்புக் கரைசல்களை அளந்து, முடிவுகளை 1948ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவர்களின் விடை தெளிவானது: உப்பு கரையக் கரைய நீரின் மின்காப்பு மாறிலி குறைகிறது. அடர்த்தி மிகாத வரையில் இக்குறைவு செறிவுக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. லிட்டருக்கு ஒரு மோல், அதாவது ஏறத்தாழ 58 கிராம் சமையல் உப்பு கரைந்தால், மாறிலி ஏறத்தாழ 11 அலகு இறங்குகிறது. லித்தியம் குளோரைடுக்கு இது ஏறத்தாழ 14. மக்னீசியம் போன்ற இரட்டை மின்னூட்டமுள்ள அயனிகள் இன்னும் கூடுதலாக இறக்குகின்றன.

மற்றொரு மாற்றமும் தெரியவந்தது. புலம் திசை மாறும்போது நீர் மூலக்கூறுகள் புதிய திசைக்குத் திரும்பச் சிறிது நேரம் பிடிக்கும். இது தளர்வு நேரம் எனப்படும். தூய நீருக்கு 20 பாகை செல்சியசில் இது ஒரு வினாடியின் இலட்சம் கோடிப் பகுதியில் ஏறத்தாழ 9 பங்கு. சமையல் உப்பு கரைந்தால் இந்நேரம் சற்றுக் குறைகிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கொண்டுள்ள ஹைட்ரஜன் பிணைப்பு வலையை அயனிகள் குலைத்துவிடுவதால், எஞ்சிய மூலக்கூறுகள் சற்று விரைவாகத் திரும்புகின்றன என்று இதற்கு விளக்கம் தரப்பட்டது.

மாறிலி ஏன் குறைகிறது?

இதற்கு மூன்று காரணங்கள் கூறப்படுகின்றன.

முதலாவது, நீரேற்றம். சோடியம் அயனியைச் சுற்றி ஏறத்தாழ ஆறு நீர் மூலக்கூறுகள், ஆக்சிஜன் பக்கத்தை அயனியை நோக்கி வைத்து நெருங்கி நிற்கின்றன. அயனியின் அருகில் மின்புலம் மிக வலுவானது. எனவே வெளியிலிருந்து நாம் கொடுக்கும் புலத்துக்கு இந்த ஆறும் திரும்புவதில்லை. ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 55 மோல் நீர் மூலக்கூறுகள் உள்ளன. ஒரு மோல் சோடியம் அயனிகள் அவற்றில் 6 மோலைக் கட்டிப்போட்டால் ஒன்பதில் ஒரு பங்கு நீர் செயலிழக்கிறது. 78இல் ஒன்பதில் ஒரு பங்கு 8 அல்லது 9. அளவீட்டில் கிடைத்த 11 என்ற குறைவின் பெரும்பகுதி இந்தத் தோராயக் கணக்கிலேயே வந்துவிடுகிறது. குளோரைடு போன்ற பெரிய எதிர்மின் அயனிகள் நீரைத் தளர்வாகவே பிடிப்பதால் அவற்றின் பங்கு குறைவு.

இரண்டாவது, இடம். கரைந்த அயனிகளும் கரைசலில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அவ்வளவுக்கு ஒரு லிட்டரிலுள்ள நீரின் அளவு குறைகிறது.

மூன்றாவது, இயக்கம். புலத்தில் நகரும் அயனி, தன்னைச் சுற்றியுள்ள நீர் இருமுனைகளைப் புலத்துக்கு எதிராகச் சற்றுத் திருப்பிவிடுகிறது. ஹப்பார்டும் லார்ஸ் ஆன்சாகரும் உருவாக்கி 1977ஆம் ஆண்டில் வெளிவந்த கோட்பாடு இதை விளக்கியது. இந்த மூன்றில் எதன் பங்கு எவ்வளவு என்பது இன்றும் கணினிப் போலச்செய்தல்கள் மூலம் ஆராயப்படுகிறது. கரைசல் மிக அடர்த்தியாகும்போது அயனிகளின் நீர் உறைகள் ஒன்றோடொன்று கலந்துவிடுவதால் நேர்விகிதம் தளர்ந்து, குறைவின் வேகமும் மட்டுப்படுகிறது.

கடலும் செயற்கைக்கோளும்

ஒரு கிலோகிராம் கடல்நீரில் சராசரியாக 35 கிராம் உப்பு உள்ளது. அதன் மின்காப்பு மாறிலி ஏறத்தாழ 70. தூய நீரைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. கடத்துத்திறனோ குடிநீரைப் போலப் பல பத்து மடங்கு. இந்த இரு மாற்றங்களின் விளைவையும் தனித்தனியே இந்தியாவில் காணலாம்.

கடத்துத்திறனின் விளைவுக்குத் திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் உள்ள இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் தளம் சான்று. 1990ஆம் ஆண்டில் பணியில் சேர்க்கப்பட்ட இது, நீரில் மூழ்கியுள்ள நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புவதற்கானது. பண்பலை வானொலி பயன்படுத்தும் 100 மெகாஹெர்ட்ஸ் அலை கடல்நீரில் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் செல்வதற்குள் மூன்றில் ஒரு பங்காக நலிந்துவிடும். 20 கிலோஹெர்ட்ஸ் அளவிலான மிகத் தாழ் அதிர்வெண் அலைக்கு அதே நலிவு நேர ஒன்றரை மீட்டருக்கும் மேல் ஆகும். அதனால்தான் இத்தளம் மிக நீண்ட அலைகளைப் பயன்படுத்துகிறது.

மின்காப்பு மாறிலியின் விளைவு செயற்கைக்கோள்களில் தெரிகிறது. எல்லாப் பொருள்களையும் போலக் கடற்பரப்பும் மெல்லிய நுண்ணலைகளை வெளியிடுகிறது. எவ்வளவு வெளியிடும் என்பது வெப்பநிலையையும் நீரின் மின்காப்பு இயல்பையும் பொறுத்தது. 1979ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் ஏவப்பட்ட பாஸ்கரா-1 செயற்கைக்கோளில் 19, 22 கிகாஹெர்ட்ஸ் அளவிலான நுண்ணலைகளைப் பெறும் கருவி இருந்தது. 1999ஆம் ஆண்டு மே மாதம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஓஷன்சாட்-1, 6.6 முதல் 21 கிகாஹெர்ட்ஸ் வரை நான்கு அதிர்வெண்களில் கடலை நோக்கியது. இத்தகைய கருவிகள் தரும் எண்களிலிருந்து கடலின் வெப்பநிலையையும் காற்றையும் கணக்கிட, உப்புநீரின் மின்காப்பு இயல்பைத் தரும் சமன்பாடு தேவை. 1948ஆம் ஆண்டு அளவீடுகளின் வழியில் வந்த சமன்பாடுகளே அதற்குப் பயன்படுகின்றன.

இதே முறையைத் திருப்பிப் போட்டால் கடலின் உப்பையே விண்ணிலிருந்து அளக்கலாம். 2009ஆம் ஆண்டில் ஐரோப்பிய விண்வெளி முகமை ஏவிய ஸ்மாஸ், 2011ஆம் ஆண்டில் ஏவப்பட்ட அக்வேரியஸ் ஆகியவை 1.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் இதைச் செய்தன. கங்கை, பிரம்மபுத்திரா, கோதாவரி முதலிய ஆறுகளின் நன்னீர் கலப்பதால் வங்காள விரிகுடாவின் வடபகுதியில் மேல்மட்ட உப்புத்தன்மை மழைக்காலத்துக்குப் பின் 30க்கும் கீழே இறங்குவதுண்டு. லேசான நன்னீர் மேலே மிதப்பதால் கீழ்நீருடன் கலப்பது தடைபட்டு, கடலின் மேற்பரப்பு வெதுவெதுப்பாகவே இருக்கிறது. புயல்கள் வலுப்பெறுவதற்கும் இதற்கும் தொடர்பு இருப்பதால் விரிகுடாவின் உப்பை அறிவது தமிழ்நாட்டுக் கடற்கரைக்கும் வேண்டிய செய்தி.

வயலில் ஒரு பிழை

உலர்ந்த மண்ணின் மின்காப்பு மாறிலி 3 முதல் 5 வரை, நீருக்கு 80. ஆகவே மண்ணின் மாறிலியை அளந்தால் அதிலுள்ள ஈரத்தை அறியலாம். கனடாவைச் சேர்ந்த டாப், டேவிஸ், அன்னான் ஆகியோர் 1980ஆம் ஆண்டில் வெளியிட்ட சமன்பாடு இம்முறையைப் பரவலாக்கியது. சொட்டுநீர்ப் பாசனத்தில் பயன்படும் ஈரப்பத உணரிகள் பல இந்த அடிப்படையில் இயங்குபவை.

விலை மலிவான உணரிகள் குறைந்த அதிர்வெண்ணில் வேலை செய்கின்றன. உவர் மண்ணில் அவை பழைய ஓட்டைக் குடத் தவற்றையே மீண்டும் செய்கின்றன. உப்பின் கடத்தலை ஈரம் என்று எடுத்துக்கொண்டு, இருப்பதைவிடக் கூடுதலான ஈரத்தைக் காட்டுகின்றன. உவர் மண்ணில் ஈரம் இருந்தாலே பயிர் அதை உறிஞ்சத் திணறும். அங்கே கருவியும் ஈரம் போதும் என்று காட்டினால் பயிர் வாடும். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் கடல்நீர் புகுந்த நாகப்பட்டினம் போன்ற கடலோர நிலங்களில் இத்தகைய உணரியை அந்த மண்ணுக்கு ஏற்ப அளவுதிருத்தம் செய்த பிறகே நம்ப வேண்டும்.

சாயத்தொட்டியில் உப்பு

டிபை–ஹக்கல் கூறிய அயனி மேகத்தைச் சாயமிடுவோர் நாள்தோறும் பயன்படுத்துகின்றனர். பருத்தி நூல் நீரில் எதிர்மின் தன்மை பெறும். அதற்கான சாயங்களும் எதிர்மின் தன்மை உடையவை. ஒன்றையொன்று விலக்கும் இவற்றை நெருங்கவைக்க, தொட்டியில் உப்பு சேர்க்கப்படுகிறது. சோடியம் அயனிகள் நூலைச் சூழ்ந்து அதன் மின்னூட்டத்தை மறைக்க, சாயம் நூலுக்குள் புகுகிறது.

பட்டில் இது தலைகீழ். அமிலம் சேர்த்த தொட்டியில் பட்டு நேர்மின் தன்மை பெறுகிறது. எதிர்மின் தன்மையுள்ள அமிலச் சாயம் அதன்மேல் பாய்ந்து பிடிக்க முனைகிறது. வேகம் மிகுந்தால் நிறம் சீராக அமையாது. இங்கே சோடியம் சல்பேட்டைச் சேர்த்தால் சல்பேட் அயனிகள் நூலைச் சூழ்ந்து சாயத்தைத் தாமதப்படுத்துகின்றன. நிறம் சீராகப் பரவுகிறது. ஒரே உப்புத்தன்மை பருத்தியில் சாயத்தை முடுக்குகிறது, பட்டில் நிதானப்படுத்துகிறது. இரண்டுக்கும் காரணம் மின்னூட்டத்தை மறைக்கும் அதே மேகம்தான்.

வேலை முடிந்ததும் உப்பு மறைந்துவிடுவதில்லை. நூலில் தங்குவது சாயமே. உப்பு முழுவதும் கழிவுநீரில் வெளியேறுகிறது. சாதாரண வடிகட்டலால் அதைப் பிரிக்க முடியாது. திருப்பூர்ச் சாயக் கழிவால் நொய்யல் ஆறும் அதை நம்பிய பாசன நிலமும் உவர்ப்பேறியதும், சுத்திகரிப்பு நெறிகளை நிறைவேற்றாத சாய ஆலைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் 2011ஆம் ஆண்டு ஜனவரியில் ஆணையிட்டதும் இதன் விளைவுகள். அயனிகளாகப் பிரிந்து நீர் மூலக்கூறுகளால் சூழப்பட்ட உப்பை மீட்க, நீரை ஆவியாக்க வேண்டும் அல்லது உயர் அழுத்தத்தில் சவ்வு வழியே செலுத்த வேண்டும். இரண்டும் செலவு மிகுந்தவை.

மாணவர்கள் கவனத்துக்கு

உப்பு சேர்த்தால் நீரின் மின் இயல்புகள் எல்லாம் கூடும் என்று எண்ணுவது இப்பாடத்தில் வழக்கமாக நேரும் தவறு. கூடுவது கடத்துத்திறன், குறைவது மின்காப்பு மாறிலி. அயனிகள் இடம்பெயர்வதால் கிடைப்பது முதலாவது. நீர் மூலக்கூறுகள் திரும்புவதால் கிடைப்பது இரண்டாவது; அயனிகளின் பிடியில் சிக்கிய மூலக்கூறுகள் திரும்ப முடியாமையால் அது குறைகிறது. உப்பு அளக்கும் பேனாக் கருவி காட்டுவது முதலாவதை மட்டுமே. இரண்டாவதை அறிய, அயனிகள் நகர்வதற்குள் அளந்து முடிக்கும் நுண்ணலை வேண்டும்.